கீழ்த்தட்டு

முதல் கல் காலை எட்டேகாலுக்கு வந்தது. புறநோயாளிகள் பிரிவின் ஜன்னல் கண்ணாடியை நொறுக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்து, குழந்தைகளை எடை பார்க்கும் தராசில் விழுந்தது. அரைச் செங்கல். முள் ஆடி ஆடி ஒன்றரைக் கிலோவில் போய் நின்றது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் எடை என்று டாக்டரம்மாவின் மனசு தன்பாட்டில் குறித்துக்கொண்டது. ஐம்பது வருடப் பழக்கம், கல் விழுந்தால் மட்டும் விட்டுவிடுமா?

இரண்டாவது கல் வாட்ச்மேனின் நெற்றியைப் பிளந்தது. அவர் கேட்டைப் பிடித்திருந்த கையை விடாமல், கண்ணில் வழிந்த ரத்தத்தைத் தோளால் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் லைன்ல வாங்க" என்று கத்தினார். இருபது வருடமாக அந்த கேட்டில் அவர் சொல்லி வந்த ஒரே வாசகம் அதுதான். வாயில் வேறு எதுவும் வரவில்லை. அடுத்த நிமிடம் கேட் அவர் மேலேயே சாய்ந்தது.

முந்நூறு பேர் இருப்பார்கள். எல்லாரும் பட்டறைத் தெருக்காரர்கள். "ஊசிக்காரி வெளிய வா! பிள்ளைங்களக் கொன்னவளை வெளிய விடு!" நாற்பது வருடமாக இந்த ஊர் அவரை ஊசிக்காரம்மா என்றுதான் கூப்பிட்டது. இன்றைக்கு 'அம்மா' உதிர்ந்துவிட்டது.

அவர்கள் தேடியது அவரை மட்டுமல்ல. முதல் மாடியில் எக்ஸ்ரே அறையின் ஈயக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயது நர்ஸ். குரல் கீச்சென்று இருப்பதால் வார்டு முழுக்க அவளுக்குக் குருவி என்று பேர். நேற்றுக் காலை அவள் ஊசி போட்ட நான்கு குழந்தைகளில் மூன்று செத்துப்போயின. அந்த அறையின் சாவிக்கொத்து இப்போது டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் கிடந்தது. இந்தக் கும்பல் கையில் கிடைத்தால் குருவி ஒரு நிமிடம்கூடத் தாங்கமாட்டாள். அது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்.

டாக்டரம்மாவுக்கு அடிதடி புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் படித்து முடித்தபோது நாட்டில் குழந்தை மருத்துவர்கள் மொத்தம் ஏழு பேர். அதில் மூன்று பேர் மந்திரி வீட்டுப் பேரப்பிள்ளைகளின் சளியைத் துடைப்பதோடு சரி. அவருக்குக் கிடைத்த முதல் வேலை தட்டம்மை வார்டில். அந்த ஒரு குளிர்காலத்தில் அங்கிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளைத் துணியில் சுற்றி வெளியே அனுப்பினார்கள். ஒரு தகப்பன் செத்த பிள்ளையைக் கொண்டுவந்து அவருடைய மேசையில், எழுதிக்கொண்டிருந்த காகிதங்களின் மேலேயே கிடத்திவிட்டு, பளாரென்று ஒரு அறை விட்டான். அந்த அறையைப் பற்றி டாக்டரம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. "அறை சரிதான், கன்னம்தான் மாறிப்போச்சு. மந்திரி கன்னத்துல விழ வேண்டியது" என்பார்.

அன்றிலிருந்து மந்திரிகளின் கண்ணில் விரலை விட்டு ஆட்டத் தொடங்கினார். டாக்டர்கள் இல்லையென்றால் டாக்டர்களை உண்டாக்க இடம் கொடு என்று நச்சரித்து நச்சரித்து, பூட்டிக் கிடந்த சோப்புத் தொழிற்சாலை ஒன்றை வாங்கி, அதில் முதல் பல்கலைக்கழகத்தை ஆரம்பித்தார். சோப்பு வாசனை போக ஆறு வருடம் ஆயிற்று. இரண்டாவதற்கு மலையூரில் ஒரு பழைய சிறைச்சாலையைக் கொடுத்தார்கள், அவமானப்பட்டுத் திரும்பிப் போவார் என்று. "நல்லதாப் போச்சு, கம்பி இருக்கு, பசங்க பரீட்சைக்குப் பயந்து ஓட முடியாது" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு வாங்கினார். இன்றைக்கு நாட்டில் எந்த மூலையில் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டாலும், போடுகிற கை அந்த இரண்டு கட்டடங்களில் ஒன்றில் பழகிய கையாகத்தான் இருக்கும். அந்தக் கைகள் மேல் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. நேற்று மூன்று பிள்ளைகளைக் கொன்றதும் அந்தப் பெருமைதான்.

குருவி ஊசி போட்ட பட்டறைத் தெருக் கிளை ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் கரண்ட் இருக்காது. ஜெனரேட்டரில் ஓடும் ஃப்ரிட்ஜ் ஒன்றே ஒன்று. அதில் தடுப்பூசி மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது உலகம் பூராவும் உள்ள விதி. ஆனால் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு மருந்து உண்டு, அதற்கும் குளிர் வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் அதைப் போட்டால் உடம்பில் எந்தத் தசையும் அசையாது, மூச்சு இழுக்கிற தசைகூட. பக்கத்தில் மிஷின் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் என்பதால் ஆள் பிழைத்துக்கொள்வார். அதையும் அதே ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று இரண்டு வருடம் முன்னால் கேட்டு எழுதினார்கள். மருந்தகத் தலைவர் கூடவே கூடாது என்றார். டாக்டரம்மா அவரை முறைத்தார். "மேல்தட்டுல ஊசி மருந்து, கீழ்த்தட்டுல இது. நம்ம பிள்ளைங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சதுங்கதானே? என் யூனிவர்சிட்டியில படிச்சதுங்களுக்குத் தட்டு தெரியாதா?" என்று கேட்டு, உத்தரவு எண் நாற்பத்தேழில் கையெழுத்துப் போட்டார்.

தட்டம்மை ஊசி மருந்து பொடியாக வரும். கூடவே தனிக் குப்பியில் வருகிற தண்ணீரை ஊற்றிக் கரைத்துத்தான் போட வேண்டும். அந்தத் தண்ணீர்க் குப்பியும் தியேட்டர் மருந்துக் குப்பியும் ஒரே விரல் நீளம், ஒரே நீல மூடி. நேற்று முன்தினம் ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வந்த ஆள் உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துவிட்டுத் தட்டு மாற்றித் திரும்ப வைத்தான். இரண்டு வருடமாக மேல்தட்டில் நீல மூடி என்றால் தண்ணீர்தான். அதனால் குருவியின் கை தன்னால் போயிற்று. பேரைப் படிக்கவில்லை. நாலாவது குழந்தைக்குப் போட்டு நிமிர்ந்தபோது முதல் குழந்தை தாயின் மடியில் துணி மாதிரித் துவண்டு கிடந்தது. அழுகை பாதியில் நின்றிருந்தது.

அவள் ஓடவில்லை. நாலையும் பெஞ்சில் வரிசையாகக் கிடத்தி, கைக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றை அள்ளி, வாயில் வாய் வைத்து ஊதினாள். ஊதிக்கொண்டே காலால் கதவை உதைத்து ஆளைக் கூப்பிட்டாள். தியேட்டரிலிருந்து டாக்டர் ஓடி வருவதற்குள் மற்ற மூன்றும் நீலம் பாரித்துப்போயின. நாற்பது நிமிடம் விடாமல் ஊதியதில் கையில் இருந்த ஒன்று மட்டும் கண்ணைத் திறந்தது. மற்ற மூன்றுக்கும் யாராவது ஊதியிருந்தால் நாலுமே பிழைத்திருக்கும். அவளுக்கு இருந்தது ஒரே வாய்.

மதியம் டாக்டரம்மா அங்கே போய், குப்பைத் தொட்டியைத் தரையில் கொட்டி, காலிக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஐந்தாவது குப்பியில் அந்த மருந்தின் பேர் இருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உத்தரவு எண் நாற்பத்தேழு என்ன எழுத்தில், எந்த மையில் இருக்கும் என்பதுகூடக் கண்முன் வந்தது. அன்று சாயங்காலமே குருவியைத் தன்னோடு இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"அக்கா!"

இப்போது, மாடி அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு அவருடைய தம்பி வந்தார். பல்கலைக்கழகத்தின் ரிஜிஸ்ட்ரார். அறுபத்து நாலு வயதிலும் சட்டை கசங்காத மனிதர். இன்றைக்குத் தலைமுடியெல்லாம் கண்ணாடித் தூள்.

"போலீஸ் வர ஒரு மணி நேரம் ஆகுமாம். அதுக்குள்ள இதுல ஒரு கையெழுத்துப் போடு. நான் மைக்ல படிச்சிடறேன்."

டாக்டரம்மா வாங்கிப் படித்தார். ஒரு செவிலியரின் தனிப்பட்ட கவனக்குறைவு, பல்கலைக்கழகத்துக்குத் தொடர்பில்லை, அவர் உடனடியாக நீக்கப்பட்டார், ஆழ்ந்த வருத்தம்.

"அவ எந்த ரூம்ல இருக்கான்னு எழுதலையேடா? எழுதிடு. பாவம், ஜனங்க தேடி அலைய வேணாம்."

"கிண்டல் பண்ற நேரமாக்கா இது? மேல வார்டுல முப்பத்தாறு பிள்ளைங்க இருக்கு. இவனுங்க மாடி ஏறினா என்ன ஆகும்? ஒருத்தியா, முப்பத்தாறா? கணக்கு உனக்குத் தெரியாததா?"

"தெரியும். அவளையும் சேர்த்து முப்பத்தேழு."

"நீ கட்டின யூனிவர்சிட்டி இது. எரிஞ்சு போகட்டுமா?"

"அந்த ஃப்ரிட்ஜ் உத்தரவும் நான் எழுதினதுதான்டா. அதை ஏன் இதுல எழுதல?"

அந்த உத்தரவை மலையூருக்கும் இங்கேயுமாக நகலெடுத்து அனுப்பியவர் தம்பிதான். அவருக்கும் அது தெரியும்.

கீழே ஒரு பயிற்சி டாக்டரைப் பிடித்துவிட்டார்கள். கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பையே கயிறாகப் பிடித்து இரண்டு பேர் முற்றத்தில் தரதரவென்று இழுத்தார்கள். மூன்றாமவன் கூடவே ஓடி விலாவில் மிதித்தான். பையன் முகம் கறுத்து, நாக்குத் தள்ளி, அப்போதும் ஒரு கையால் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தான். குழாய் அறுந்ததால்தான் பிழைத்தான். தடுப்பூசி வேனைக் கவிழ்த்துத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்த நாலாயிரம் குப்பிகள் சடசடவென்று வெடிக்கிற சத்தம் மாடி வரை கேட்டது. மேலே வார்டில் நர்ஸுகள் பிள்ளைகளை ஜன்னலிலிருந்து அகற்றி நடைபாதையில், கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால் என்று செருகிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் எக்ஸ்ரே அறைக் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டுகிற சத்தம்.

டாக்டரம்மா போய்க் கதவில் வாயை வைத்தார். "என்னடி?"

"திறங்க மேடம். நான் போறேன். என்னைக் குடுத்துட்டா அவங்க போயிடுவாங்க." கீச்சுக் குரல் இன்று தடித்திருந்தது. ஊதி ஊதி உதடு இரண்டும் வீங்கிப்போயிருந்தன.

"வாயை மூடிக்கிட்டு உக்காரு."

"மூணு பிள்ளைங்க மேடம்!"

"எனக்கும் எண்ணத் தெரியும்." சாவிக்கொத்தைப் பையிலிருந்து எடுத்துத் தம்பியின் கையில் திணித்தார். "இதை எவனுக்காவது குடுத்தே, நீ எனக்குத் தம்பி இல்ல, நான் உனக்கு அக்கா இல்ல."

பிறகு படியிறங்கி டோக்கன் கூப்பிடுகிற அறைக்குப் போனார். முற்றத்திலும் நடைபாதையிலும் எட்டு ஒலிபெருக்கிகள் உண்டு. நோயாளிகளை நம்பர் சொல்லிக் கூப்பிடுவதற்கு. அவர் பட்டனை அமுக்கியதும் வழக்கமாக வருகிற 'டிங்டாங்' அடித்தது. முற்றத்தில் இருந்த முந்நூறு பேரும் ஒரு கணம் தலையைத் தூக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்துக் கிடக்காதவர் யாருமில்லை. கையில் கல் இருந்தாலும் பழக்கம் பழக்கம்தானே.

"நான் ஊசிக்காரம்மா பேசறேன். தடுப்பூசி உங்க பிள்ளைங்களைக் கொல்லல. அதைக் கரைக்கத் தண்ணி ஊத்தறதுக்குப் பதிலா ஆபரேஷன் மருந்தை ஊத்திட்டோம். மூச்சை நிறுத்தற மருந்து. ரெண்டையும் ஒரே ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாது. வைக்கச் சொன்னது நான். வேணாம்னு சொன்னவங்களை வாயடைச்சு, கையெழுத்துப் போட்டு வைக்கச் சொன்னேன். மன்னிக்கச் சொல்லல. உண்மையைச் சொல்றேன்."



"கலந்தது எவ?" முற்றத்திலிருந்து ஒரே ஒரு குரல். பெரிய குரல்.

மைக்கை வைத்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். படிக்கட்டின் உச்சியில் நின்றார். எழுபத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, கோட்டில் மைக்கறை. கேட்டவன் முன்னால் நின்றான். பட்டறைத் தெரு வெல்டர். கைகளில் தீப்பொறி பட்டுப் பட்டுப் புள்ளி புள்ளியாகத் தழும்பு. பத்து மாதப் பையனை நேற்று மண்ணுக்குக் கொடுத்தவன். கையில் முழநீள இரும்புக்கம்பி வைத்திருந்தான்.

"கலந்தது எவன்னு கேட்டேன்."

"நான் படிக்க வச்ச கை, நான் போட்ட உத்தரவு. என் கைன்னு வச்சுக்கோ."

"வச்சுக்கவா? ஒழுங்காச் சொல்லு. உன் கையா?"

டாக்டரம்மா ஒரு நொடி யோசித்தார். பொய் சொல்வது அவருக்குச் சுத்தமாக வராது. மந்திரிகளிடம்கூட வந்ததில்லை.

"ஆமா" என்றார்.

"எந்தக் கை?"

வலது கையை நீட்டினார். அவன் அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் படிக்கட்டின் கல் விளிம்பில் வைத்து, காலால் முழங்கையை மிதித்துக்கொண்டு, கம்பியை ஓங்கினான். முதல் அடியில் சத்தம் கேட்டது, வலி வரவில்லை. இரண்டாவதில் வலி வந்தது. கண்ணுக்குள் வெள்ளை வெளிச்சம் பாய்ந்தது. ஐம்பது வருடம் பிள்ளைகளின் ஓலத்தைக் கேட்ட அவர், தன் தொண்டையிலிருந்து அதே ஓலம் வருவதைக் கேட்டார். மூன்றாவது அடியில் விரல்கள் எந்தப் பக்கம் பார்க்கக் கூடாதோ அந்தப் பக்கம் பார்த்தன. யாரோ அவர் இடுப்பில் உதைத்தார்கள். யாரோ முடியைப் பிடித்து இழுத்து ஒரு கொத்தைப் பிடுங்கினார்கள். வாயில் ரத்தமும் மண்ணும் சேர்ந்து நறநறத்தன. மாடியிலிருந்து ஏதோ ஒரு பிள்ளை வீறிட்டு அழுவது கேட்டது. அந்த அழுகையைப் பிடித்துக்கொண்டுதான் நினைவு தப்பாமல் இருந்தார்.

வெல்டர் நாலாவது அடிக்கு ஓங்கினான், அடிக்கவில்லை. கம்பியைப் போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தான்.

அப்போதுதான் போலீஸ் வந்தது. வந்த வேகத்தில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெளுத்து வாங்கினார்கள். ஓடத் தெரிந்தவர்கள் ஓடிவிட்டார்கள். உட்கார்ந்திருந்த வெல்டர்தான் வசதியாகக் கிடைத்தான். நாலு பேர் சுற்றி நின்று தடியால் அடித்தார்கள். வாயில் விழுந்த அடியில் முன்பல் இரண்டு படியில் தெறித்து விழுந்தன. "விடுங்கடா! பிள்ளையைப் பறிகொடுத்தவன்டா!" என்று டாக்டரம்மா தரையில் கிடந்தபடி கத்தினார். அவருக்காகத்தான் அடிக்கிறோம் என்ற உற்சாகத்தில் அவர்கள் இன்னும் நாலு போட்டார்கள்.

மனிதனுக்குக் கையில் இருபத்தேழு எலும்பு. டாக்டரம்மாவுக்குப் பதினொன்று உடைந்திருந்தது. புகார் எழுதிக்கொண்டுவந்த தம்பியிடம், "எடுத்துட்டுப் போ" என்றார். பதிலுக்கு இடது கையால், கோழி கிளறிய எழுத்தில், தன்னைத் துணைவேந்தர் பதவியிலிருந்து இறக்கும்படி பல்கலைக்கழகச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். சபை மறுநாளே இறக்கியது, கடிதத்துக்காகவே காத்திருந்த மாதிரி. புகார் இல்லாததால் வெல்டரைப் பன்னிரண்டு நாளில் விட்டார்கள். விசாரணைக் குழுவில் குருவி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். உத்தரவும் மேசைக்கு வந்தது. தனியாக ஊசி போடக் கூடாது, டாக்டரம்மாவின் பார்வையில் தடுப்பூசி அறையில் மட்டும் இருக்கலாம் என்று முடிவாயிற்று. யாருமே வராத அறையில் யார் உட்கார்ந்தால் என்ன என்று சபை கையை விரித்துவிட்டது.

யாரும் வரவில்லைதான். தெருவுக்குள் போன ஊசிக்காரர்களைக் கல்லால் அடித்துத் துரத்தினார்கள். ஏழாவது வாரம் தட்டம்மை வந்தது.

அதன் அடி வேறு மாதிரி. கத்தாது, கல்லெறியாது. கண் சிவக்கும், உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும், பிறகு நெஞ்சுக்குள் இறங்கி மூச்சை நெரிக்கும். ஒரு கட்டிலுக்கு மூன்று பிள்ளைகள் என்று வார்டு நிறைந்தது. பத்து நாளில் பத்தொன்பது போயின. ஐம்பது வருடம் முன்னால் பார்த்த வார்டு அப்படியே எழுந்து வந்துவிட்டது போலிருந்தது டாக்டரம்மாவுக்கு. செத்த பிள்ளைகளின் தாய்மார்கள் சுவரில் தலையை முட்டிக்கொள்ள, அவர்களைப் பிடித்து இழுக்க அவருக்கு ஒரு கைதான் இருந்தது. இத்தனை வருடம் உழைத்து என்னத்தைக் கிழித்தோம் என்று அவர் வாய்விட்டே அழுதார்.

பதினோராம் நாள் காலை தடுப்பூசி அறைக்கு வெல்டர் வந்தான். இடுப்பில் மூன்று வயது மகள். வலது கையில் கம்பி. அதே கம்பி.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பேசினால் பல் இல்லாத இடம் தெரிந்தது. "எதிர்வீட்டுப் பிள்ளை நேத்து போயிடுச்சு. இவளுக்குப் போடணும். நீங்களே கலக்கணும். என் கண்ணு முன்னாடி."

டாக்டரம்மா மேசைக்கடியிலிருந்து வலது கையை எடுத்து மேலே வைத்தார். விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, வேர் மாதிரி முறுக்கிக் கிடந்தன. "இது இனிமே ஒரு மூடியைக்கூடத் திறக்காதுப்பா."

அவன் அதைப் பார்த்தான். பார்வையை எடுக்க அவனுக்கு நேரமாயிற்று.

"அப்ப யாரு கலப்பா?"

"நான்" என்று மூலையிலிருந்து குருவி எழுந்தாள்.

"நீ யாரு?"

டாக்டரம்மா சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார். ஒரு கையைக் கொடுத்துக் காப்பாற்றிய உயிர் அது. குருவி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"அன்னைக்குக் கலந்தது நான்தான். மேடம் இல்ல. உங்க பையனுக்குப் போட்டது இந்தக் கை."

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "மேடம், உக்காருங்க" என்றாள் குருவி. குரல் கீச்சிட்டது, ஆனால் உடையவில்லை.

வெல்டர் மகளைக் கட்டிலில் இறக்கிவிட்டு எழுந்தான். கம்பியின் நுனியைக் குருவியின் தாடைக்கடியில் வைத்துத் தலையை நிமிர்த்தினான். தோல் கிழிந்து ரத்தம் கழுத்தில் கோடாக இறங்கியது.

"ஒரு பிள்ளைக்கு மட்டும் வாய் வச்சு ஊதினியாம், என் பொண்டாட்டி சொன்னா. ஏன் என் பிள்ளைக்கு ஊதல?"

"கைக்குப் பக்கத்துல இருந்ததைத் தூக்கினேன். உங்க பையன் ரெண்டாவதா படுத்திருந்தான். எனக்கு ஒரு வாய்தான் இருந்துச்சு அண்ணே."

அவன் தொண்டையிலிருந்து வந்ததை அழுகை என்று சொல்ல முடியாது. கம்பியைச் சுழற்றி வீசினான். குருவியின் தலைக்கு ஒரு சாண் தள்ளி மருந்து பீரோ கண்ணாடியோடு பிளந்து விழுந்தது. மறுபடி ஓங்கி அடித்தான், மறுபடியும். மரம் சிம்பு சிம்பாகத் தெறித்தது. ஒரு சிம்பு குருவியின் கன்னத்தில் குத்தி நின்றது. அவள் நகரவில்லை. மூலையில் ஃப்ரிட்ஜ் மட்டும் அடிபடாமல் உறுமிக்கொண்டிருந்தது. அடிக்க எதுவும் மிச்சமில்லாதபோது அவன் மூச்சு வாங்க நின்றான்.

"கல" என்றான்.

குருவி கன்னத்தில் இருந்த சிம்பைப் பிடுங்கிப் போட்டாள். கையைக் கழுவினாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அதற்குள் ஒரே தட்டுதான் இருந்தது. கீழ்த்தட்டை டாக்டரம்மா கழற்றி எறியச் சொல்லி வாரக்கணக்காயிற்று. இரண்டு குப்பிகளை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"பேரைப் படிங்க. சத்தமா."

"உனக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியும். அன்னைக்கும் தெரியும். படிக்கல."

அவன் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தான். திருப்பித் திருப்பி மூன்று தடவை படித்தான். பிறகு கொடுத்தான். அவள் கலந்து, ஊசியில் ஏற்றி, குழந்தையின் தோளில் குத்தினாள். குழந்தை ஊரைக் கூட்டி அலறியது.

வெல்டர் மகளை மடியில் வைத்து, கம்பியைக் குறுக்கே போட்டுக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தான். அன்றைக்குப் பிள்ளைகள் சத்தமில்லாமல் போனதாக மனைவி சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. பத்து நிமிடம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மூன்று பேரும் அதைத்தான் எண்ணினார்கள். மூன்றாவது நிமிடம் அழுகை. நாலாவது நிமிடம் அழுகை. ஆறாவது நிமிடம் சட்டென்று நின்றது.

அவன் முஷ்டி கம்பியில் இறுகி வெளுத்தது. குருவி ஒரே பாய்ச்சலில் வந்து அவன் முழங்காலுக்கு முன் மண்டியிட்டு, கம்பிக்கு நேர் கீழே தலையைக் கொடுத்து, குழந்தையின் முகத்துக்கு மேல் வாயைத் திறந்தபடி குனிந்தாள்.

குழந்தை விழித்துக்கொண்டு இருந்தது. களைத்துப்போய்க் கொஞ்சம் நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். தன் முகத்துக்கு மேல் ரத்தம் வழியும் ஒரு முகத்தைக் கண்டதும் பளாரென்று மூக்கில் ஒரு அடி வைத்துவிட்டு முன்னைவிடப் பெரிதாக வீறிட்டது.

"அழும்மா" என்றான் வெல்டர். அவன் கன்னத்தில் கண்ணீர் கொட்டியது. "நல்லா அழு. நிறுத்தாம அழு."

பத்து நிமிடம் ஆனதும் எழுந்து கதவைத் திறந்தான். வெளியே நடைபாதையில் பட்டறைத் தெருப் பெண்கள் நாற்பது, ஐம்பது பேர் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு காதைத் தீட்டியபடி நின்றிருந்தார்கள். அவனை முதலில் அனுப்பிவிட்டு, உள்ளே அழுகை கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அழுதுக்கிட்டுதான் இருக்கா. வாங்க, ஒவ்வொருத்தரா வாங்க" என்றான்.

அன்று மாலை வரை அவன் அந்த வாசலிலேயே நின்றான். ஒவ்வொரு குப்பியையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்த பிறகே குருவியிடம் கொடுத்தான். கம்பியை மட்டும் கீழே வைக்கவில்லை.